கற்பூரம் அணைவதற்குள்

ஆடி 5, திங்கள்

வந்து சேர்ந்தாயிற்று. ராஜபாளையத்துக்கு வெளியே, மலை தெரிகிற இடத்தில் மில். மில்லுக்குப் பின்னால் விளையாட்டுப் பிள்ளைகளின் ஹாஸ்டல், அதை ஒட்டிச் சமையற்கட்டு, சமையற்கட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை. அதற்குள்தான் கபடிக்கு மேட் விரித்திருக்கிறார்கள். நடுச்சுவரில் ஒரு ஜன்னல். உயரத்தில் வைத்துவிட்டார்கள் பாவிகள், எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. சத்தம் மட்டும் வரும்.

சாமி வைக்க இடம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன். அரிசி மூட்டைகளுக்கு மேலே ஒரு பலகை கிடைத்தது. கோமதி அம்மன் படத்தையும் புற்று மண் டப்பாவையும் அதில் வைத்தேன். சங்கரன்கோவில் புற்று மண் இல்லாமல் நான் எங்கேயும் போனதில்லை. பூச்சிக்கடிக்கும் அதுதான், வீக்கத்துக்கும் அதுதான், மனசு சரியில்லை என்றாலும் நெற்றியில் அதுதான்.

வேல்கனி என் தம்பி மகள். நான் தாலியறுத்து வந்து தம்பி வீட்டோடு இருக்கத் தொடங்கியபோது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். என் பக்கத்தில்தான் படுப்பாள். இப்போது கபடியில் பாடிப் போவதில் எங்கள் பக்கத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. மில் டீமுக்குப் புதுசாக ஐந்து பிள்ளைகளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆவணியில் ஒரு நாள் மேனேஜர் முன்னால் பெரிய டீமின் பிடிக்கிற ஆட்களை எதிர்த்து இவர்கள் பாடிக் காட்ட வேண்டும். இரண்டு பேருக்கு டீமில் இடமும் மில்லில் நிரந்தர வேலையும். மற்ற மூன்று பேர் வீட்டுக்கு. எங்கள் வீடு என்றால் தீப்பெட்டி ஆபீஸ்தான், குச்சிக்கு மருந்து தோய்க்கிற வேலை. கனிக்கு அவள் அம்மா பக்கத்திலேயே ஒரு இடம் சொல்லியும் வைத்துவிட்டார்கள்.

"நீ கூடப் போனாத்தாங்க்கா அனுப்புவேன்" என்றான் தம்பி. மில்லிலும் சமைக்க ஆள் தேடினார்கள். எல்லாம் அம்மன் போட்ட முடிச்சு.

இந்த டைரி மில்லில் கொடுத்தது. பாதி வருஷத் தாள் வெறுமனே கிடக்கிறது. அதில் போட்டிருக்கிற இங்கிலீஷ் தேதியை அடித்துவிட்டு நம் தேதியை எழுதிக்கொள்கிறேன்.

ஆடி 7, புதன்

காலையில் இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் "கபடி கபடி கபடி" என்று கனியின் குரல். அவள் பாட்டு எனக்குத் தூக்கத்திலும் தெரியும். திடீரென்று பொத்தென்று ஒரு சத்தம். பாட்டு நின்றுவிட்டது.

கரண்டியோடு ஓடினேன். எங்கள் கனி குப்புறக் கிடக்கிறாள். அவள் வலது கணுக்காலை ஒருத்தி இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள். நல்ல உயரம், உரமேறிய உடம்பு, முப்பது தாண்டியிருக்கும்.

"விடுட்டி அவளை!" என்று கத்திவிட்டேன்.

அத்தனை பிள்ளைகளும் சிரித்துவிட்டார்கள். கோச் சார்லஸ் சார் தலையில் கைவைத்துக்கொண்டார். "அத்தை, அது வேற யாரும் இல்ல. நம்ம கேப்டன். இந்தியாவுக்கு ஆடுனவங்க."

அவள் எழுந்து உட்கார்ந்து என் கரண்டியைப் பார்த்தாள். "என்னாம்மா, இட்லி மாவுல என்னைய ஊத்தி வேக வைக்கப் போறீங்களா?" என்றாள். பிறகு கனியிடம் திரும்பினாள். "பாட்டு எங்க போச்சு? விழுந்தா பாட்டு நின்னுருமா? ஏந்திரி."

பெயர் தையல்நாயகி. மாயவரம் பக்கம். இடது மூலையில் நின்று காலைப் பிடிக்கிற வேலை. பிள்ளைகள் கார்னர் என்கிறார்கள். இவள் கைக்குள் போன கால் திரும்பி வராதாம்.

சாமி பெயரை வைத்துக்கொண்டு செய்கிற வேலையைப் பார்.

ஆடி 9, வெள்ளி

பொத். பொத். பொத். இன்று நான் பருப்பைக் கரிய விட்டேன்.

மாவிளக்கு போட்டேன். கனி கால் முழுக்க நாயகியின் விரல் பதிந்து கிடக்கிறது. புற்று மண் குழைத்துப் போட்டேன்.

"வலிக்கா?"

"வலிக்கத்தான் செய்யும் யத்தே. அந்த அக்கா கைய பாத்தீங்களா? வாய்க்கா மதகு மாதிரி பூட்டிக்கிடுது" என்றாள். பெருமையாகச் சொல்கிறாள்! கடித்த நாயின் பல்லை மெச்சுகிற மாதிரி.

பிறகு எனக்கு ஆட்டத்தை விளக்கினாள். ஊரில் அவள் ஆடுகிறபோது நான் கண்ணை மூடிக்கொண்டு அம்மனைக் கூப்பிடுவதோடு சரி. பிடிபட்டாலும் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே நடுக்கோட்டில் ஒரு கையைப் போட்டுவிட்டால் போதுமாம். இவள் அவுட் இல்லை, பிடித்தவர்கள்தான் அவுட்டாம். ஊரில் இவளை யாரும் இப்படிப் பிடித்து விழத்தாட்டியதில்லை. ஓடியே தப்பித்துவிடுவாள். இங்கே விழுந்த அதிர்ச்சியில் மூச்சு போய்விடுகிறது. பாட்டு அறுந்துவிடுகிறது.

"அப்ப அந்தப் பக்கம் போகாம வேற பக்கம் போயேன்."

"சார் என்னைய அந்தப் பக்கமேதான் போகச் சொல்லுதாரு யத்தே."

மற்ற நான்கு பேரையும் விட்டுவிட்டு என் பிள்ளையை மட்டும் ஏன்? அம்மா தாயே, நீதான் கேட்க வேண்டும்.

ஆடி 16, வெள்ளி

சாயங்காலம் உளுந்தங்களி கிண்டிக் கனிக்கு எடுத்துப் போனேன். அறையில் அவள் இல்லை. நாயகியின் அறையில் தரையில் உட்கார்ந்து அவள் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த முழங்காலில் பழைய ஆபரேஷன் தழும்பு நீளமாக ஓடுகிறது. எண்ணெய் என்னுடையது. கேட்காமல் எடுத்திருக்கிறாள்.

களியை நாயகிக்குப் பாதி கொடுத்துவிட்டுத்தான் தின்றாள்.

"கைப்பக்குவம் பிரமாதம்மா. எம் பொண்ணு இருந்தா தட்டோட முழுங்கிருவா" என்றாள் நாயகி. அவளுக்கு ஒரு மகளாம். மாயவரத்தில் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாளாம். தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

படுக்கும்போது கனி, "யத்தே, நாளையிலருந்து நான் அந்த அக்கா ரூம்லயே படுத்துக்கிடுதேன். ஆட்டத்தப் பத்திப் பேசிக்கிட்டே தூங்கலாம்" என்றாள்.

படுத்துக்கொள்ளட்டும். எனக்குச் சமையற்கட்டில் காற்று நன்றாக வருகிறது. கனி குறட்டை விடுவாள் வேறு.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. சித்ரான்னம் நாலு வகை. தேங்காய் சாதத்தை நாயகி மூன்று தரம் வாங்கித் தின்றாள். கனி பரிமாறினாள்.

ஆடி 22, வியாழன்

இன்று சங்கரன்கோவிலில் ஆடித் தபசு. கலியாணத்துக்குப் பிறகு ஒரு வருஷமும் தவறியதில்லை. ஒற்றைக் காலில் நிற்கிற அம்மனைப் பார்க்காமல் இங்கே நின்று வெங்காயம் உரிக்கிறேன். கை நிற்கவில்லை, கால் நிற்கவில்லை. கொட்டகை வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

சார்லஸ் சார் டீ குடிக்க வந்தார். கேட்டுவிட்டேன்.

"மறைக்க என்ன இருக்கு அத்தை? அஞ்சு பேர்ல இப்ப கடைசி உங்க பிள்ளைதான். நாயகி முன்னாடி இன்னும் ஒரு பாயிண்ட் எடுக்கல."

"எல்லாரையும் விட இவதான சார் அந்தப் பொம்பளைகிட்ட அடி வாங்குதா?"

"அதான் நானும் சொல்றேன்" என்று டீயை ஊதினார். இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை.

தம்பி போன் செய்தான். தீப்பெட்டி ஆபீஸில் இடத்தைப் பிடித்து வைக்கட்டுமா வேண்டாமா என்று கேட்கிறார்களாம். "பொறுல" என்றேன். போனை வைத்த பிறகு அம்மன் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றேன். ஒரு வழி தோன்றிற்று. அது அம்மன் சொன்ன வழிதான். என் தலைக்குள் தானாக வராது.

ஆடி 30, வெள்ளி

கடைசி ஆடி வெள்ளி. சுதந்திர தினமும் சேர்ந்து வந்தது. மில் லீவு. கொடியேற்றி எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். பிள்ளைகள் எல்லாம் டவுனுக்குப் போய்விட்டார்கள். முழங்கால் வீக்கம் என்று நாயகி மட்டும் இருந்தாள். நான் பூஜைக்குக் கூப்பிட்டேன். தலை குளித்து, பூ வைத்து, நல்ல பிள்ளையாகத்தான் வந்தாள்.

சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்தேன். தீபாராதனை முடிந்ததும் தட்டில் புதுசாக ஒரு கட்டிக் கற்பூரத்தைப் போட்டு ஏற்றினேன். அவள் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கை நீட்டினாள். நான் தட்டைக் கொஞ்சம் பின்னால் இழுத்தேன்.

"எனக்கு ஒரு சத்தியம் வேணும்."

"என்னாம்மா?"

"இனிமே கனி காலப் பிடிச்சு விழத்தாட்ட மாட்டேன்னு கற்பூரத்துல அடிச்சுச் சொல்லு."

முதலில் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்றதும் அவள் முகம் மாறிவிட்டது.

"தப்பா கேக்குறீங்கம்மா. அவள எதுக்கு விழுவ வைக்கிறேன்னு தெரியாம கேக்குறீங்க."

"எனக்குத் தெரிய வேண்டாம். அவ உனக்கு எண்ணெ தேச்சு விடுதா. நான் பொங்கிப் போடுதேன். அது போதும்லா?"

கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. கற்பூரத் தட்டை ஒருத்தர் முன்னால் நீட்டிவிட்டால் அது அணைவதற்குள் அவர் கை அடிக்க வேண்டும். அடிக்காமல் அணைய விட்டால் நீட்டினவர் வீட்டுக்கு ஆகாது. எங்கள் பக்கத்தில் அப்படித்தான், அவள் பக்கத்திலும் அப்படித்தான் போலிருக்கிறது. அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அணையப் போவுதும்மா. எடுங்க."

"நான் எடுக்க மாட்டேன்."

"உங்க வீட்டுக்கு ஆவாதும்மா!"

"தெரியும்."

தீ சின்னதாகி, நீலமாகிவிட்டது. அவள் கை அடித்தாள். அடித்த கையை நெற்றியில் ஒற்றிக்கொள்ளாமல் அப்படியே எழுந்து நொண்டிக்கொண்டு போய்விட்டாள். சர்க்கரைப் பொங்கலைத் தொடவில்லை.

முந்திரி நிறையப் போட்டிருந்தேன்.

ஆடி 31, சனி

இன்று சத்தமே இல்லை. அம்மன் கண் திறந்தாள்.

ஆவணி 2, திங்கள்

"தொட்டேன்! தொட்டேன்!" என்று கனி கத்துவது இங்கே கேட்கிறது. காலை நீட்டி நாயகியைத் தொட்டுவிட்டு ஓடி வந்துவிடுகிறாளாம். இன்றைக்கு மட்டும் நிறையப் பாயிண்ட். கடைசியில் இருந்தவள் முதலுக்கு வந்துவிட்டாள். கேசரி கிண்டினேன்.

"பாத்தீங்களா யத்தே, எனக்குப் பழகிட்டு" என்றாள். முகம் பூரித்துக் கிடந்தது. நான் திருஷ்டி கழித்தேன்.

நாயகி கேசரி வேண்டாம் என்றாள். சாப்பிட வரும்போது நான் பரிமாறினால் கீழே பார்க்கிறாள். ராத்திரி கனி தலையணையைத் தூக்கிக்கொண்டு என்னிடமே படுக்க வந்துவிட்டாள். "அந்த அக்கா இப்பல்லாம் பேசவே மாட்டேங்காங்க. சும்மா சும்மா தூக்கம் வருதுங்காங்க. நான் எதுவும் தப்பு பண்ணிட்டேனா யத்தே?"

"நீ என்ன தப்புப் பண்ணுன? தூங்கு" என்றேன். குறட்டை விட்டாள். எனக்கு ஒன்றும் இடைஞ்சலாக இல்லை.

ஆவணி 6, வெள்ளி

சார்லஸ் சார் கொட்டகையில் சத்தம் போட்டது இங்கே வரை கேட்டது. நாயகியைத்தான்.

"என்னாச்சு நாயகி? கை போகவே மாட்டேங்குது. கால் வந்து, தொட்டு, திரும்பிப் போன பெறகு கை போடுற. முட்டி போச்சுன்னா போச்சுன்னு சொல்லு. நான் வேற கார்னர் பாத்துக்கிடுறேன்."

அவள் என்ன பதில் சொல்வாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

ரசத்துக்கு உப்பு இரண்டு தரம் போட்டுவிட்டேன்.

ஆவணி 8, ஞாயிறு

மதுரையிலிருந்து ஒரு காலேஜ் டீம் வந்தது. பழக்கத்துக்கு ஒரு ஆட்டம். எனக்கும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். முதல் தடவையாகக் கண்ணை மூடாமல் பார்த்தேன்.

கனி சிரித்துக்கொண்டே பாடிப் போனாள். அவர்கள் கார்னரில் ஒல்லியாக ஒரு குட்டிப் பிள்ளை. கனி காலை நீட்டினாள். நீட்டிய காலை எடுக்க மெத்தனமாக இருந்தாள். எடுக்க என்ன அவசரம் என்பது போல. குட்டிப் பிள்ளை பிடித்துவிட்டது. பொத். பாட்டு அறுந்தது.

மறுபடி போனாள். பொத். மறுபடியும். அவர்கள் கை தட்டினார்கள். கடைசியில் கனிக்குப் பாடிப் போகவே காலே வரவில்லை. கோட்டருகில் நின்று நின்று திரும்பினாள்.

ஆட்டம் முடிந்ததும் சார்லஸ் சார், "நாயகிகிட்ட எடுத்த பாயிண்டெல்லாம் என்னாச்சும்மா?" என்று கேட்டார். கனிக்குத் தெரியவில்லை. தெரிந்த இரண்டு பேரும் அங்கேதான் இருந்தோம்.

ராத்திரி அவள் அழவில்லை. அழுதால் தேவலை. "எனக்கு என்ன வருது, என்ன வரலன்னே தெரியல யத்தே. நான் நல்லா ஆடுதேன்னு நெனச்சேன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

ஆவணி 9, திங்கள்

நாயகி துணி காயப்போடும் இடத்தில் தனியாக இருந்தாள். போனேன்.

"நேத்து நடந்தத பாத்தேல்லா?" என்றேன்.

"பாத்தேன்."

"ஏன் அப்படி ஆச்சு?"

ஈரத் துணியை உதறினாள். "நான் புடிச்சா எப்புடிப் புடிப்பேன்னு அவ காலுக்குத் தெரியணும்மா. அப்பத்தான் கால் சீக்கிரம் வீடு திரும்பும். விழுந்து விழுந்துதான் மூச்ச வயித்துல கட்டி வச்சுக்கப் பழகுவா. பதினஞ்சு நாள்ல பழகிருப்பா. இப்ப அந்தக் கால் மறந்துடுச்சு. யாரும் புடிக்க மாட்டாங்கன்னு நெனச்சிக்கிச்சு."

"அவளையே போட்டு எதுக்கு அந்தப் பாடு படுத்துன?"

"உங்க ஊரு பக்கம் ஒரு போட்டிக்கு வந்தப்ப இவளப் பாத்தேன். சார்கிட்ட இவதான் வேணும்னு அடம் புடிச்சுக் கேட்டதே நாந்தான். சரியா வராதுன்னு தோணுறவளப் போட்டு யாரும்மா விழுவ வைப்பாங்க?"

இதை நான் எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

"சரி, அப்ப நாளையிலருந்து பிடி" என்றேன்.

"கற்பூரம் அடிச்சிருக்கேன்."

"நான்தான கேட்டேன்? நானே சொல்லுதேன், விட்டாச்சு."

"நீங்க வுட்டா போதுமா? யாரு பேரச் சொல்லி அடிச்சமோ அந்தப் பொண்ணே வந்து வேண்டாம்னு சொல்லணும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். எனக்குத் தெரியாததா.

"சார் உன்ன டீம்லருந்து எடுத்துருவாராமே. அவருகிட்டயாவது சொல்லப்பிடாதா?"

"சொன்னா உங்க சமையல் வேல போவும். அந்தப் பொண்ணும் உங்க மூஞ்சில முழிக்காது." வாளியைத் தூக்கிக்கொண்டாள். "நான் இந்த வருசம் இல்லன்னா அடுத்த வருசம் எப்புடியும் போற ஆளுதான்."

நொண்டிக்கொண்டு போனாள்.

ஆவணி 10, செவ்வாய்

உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. நாளை சதுர்த்தி. கொழுக்கட்டைக்கு மாவு இடித்துச் சலித்து, மறுபடி சலித்து, சலித்ததையே சலித்துக்கொண்டிருந்தேன்.

சும்மா இருந்துவிட்டால்? மேனேஜர் முன்னால் கனி பாடிக் காட்டப் போவது இதே நாயகியிடம்தான். நாயகி கை போட மாட்டாள். கனி முதலாவதாக வருவாள். வேலை நிரந்தரம், தீப்பெட்டி ஆபீஸ் இல்லை. நானும் இங்கேயே இருப்பேன். அவளும் என் பக்கத்திலேயே படுப்பாள். வெளியூர் ஆட்டத்தில் விழுந்தால் அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். நாயகி எப்படியும் போகிறவள்தானே, அவளே சொல்லிவிட்டாள்.

அம்மன் படத்தைத் துணியால் துடைத்தேன். கண்ணாடி பளபளவென்று ஆகிவிட்டது. அதில் என் முகம்தான் தெரிந்தது. விளக்கை வேறு பக்கம் நகர்த்தி வைத்தேன்.

ஆவணி 11, புதன்

பிள்ளையார் சதுர்த்தி.

கனி கொழுக்கட்டை பிடிக்க உட்கார்ந்தாள். விளையாட்டுக்காரிக்கு விரல் நளினம் வராது, ஒவ்வொன்றும் கல்லு மாதிரி பிடிப்பாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன். கடைசி ஆடி வெள்ளி, கற்பூரம், எல்லாம்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. "அப்ப நான் தொட்டதெல்லாம்?" என்றாள்.

நான் ஆவி வருகிறதா என்று பார்த்தேன்.

"யத்தே, நான் எடுத்த பாயிண்டெல்லாம்?"

"உனக்காகத்தாம்ட்டி..."

"ஒண்ணுகூட என்னது இல்லையா?"

எழுந்து மாவுக் கையோடு வெளியே போனாள். போனவள் நாயகியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அம்மன் பலகைக்குக் கீழே நிறுத்தினாள். கற்பூரத்தை அவளே ஏற்றினாள். மாவுக் கையில் இரண்டு குச்சி அணைந்துபோயிற்று. எத்தனை லட்சம் குச்சிக்கு மருந்து தோய்த்த வீட்டுப் பிள்ளை.

"அடிச்ச சத்தியம் எனக்கு வேண்டாம். என் காலப் பிடிங்கக்கா" என்று தட்டில் கை அடித்தாள்.

"மேனேஜர் வர்ற அன்னிக்கும் புடிப்பேன்டி. வுட மாட்டேன். யோசிச்சுக்க. வேல போனாலும் போவும்" என்றாள் நாயகி.

"பிடிங்க."

"அழக் கூடாது."

"நீங்க மொதல்ல பிடிங்கக்கா."

நாயகி கற்பூரத்தைத் தொட்டு இந்த முறை கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "கொழுக்கட்ட தண்ணி வத்துதும்மா, அடி புடிச்சிரும்" என்றாள்.

இரண்டு பேரும் நேராகக் கொட்டகைக்குப் போய்விட்டார்கள். பண்டிகை நாள், பிராக்டிஸ் கிடையாது. இருந்தாலும் சத்தம் கேட்டது. பொத்.

ஆவணி 13, வெள்ளி

பொத். பொத். கனி நாயகி அறைக்கே படுக்கப் போய்விட்டாள். என்னிடம் "சோறு", "ரசம்", "போதும்", இவ்வளவுதான். யத்தே என்று கூப்பிடவில்லை.

நாயகியே சாரிடம் போய், தான்தான் இத்தனை நாளும் கை போடாமல் இருந்ததாகவும் இனி அப்படி இருக்காது என்றும் சொல்லிவிட்டாளாம். ஏன் என்று அவர் கேட்டதற்கு, "ஒரு வேண்டுதல் சார்" என்றாளாம். பொய் இல்லை.

ஆவணி 17, செவ்வாய்

இன்று விழுந்த பிறகும் பாட்டு கொஞ்சம் கேட்டது. கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, இரண்டு "கபடி". பிறகு நின்றது. நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டேன். ஒருவேளை என் பிரமையோ என்னவோ.

ஆவணி 20, வெள்ளி

மேனேஜர் பத்து மணிக்கு வந்தார். வாசலில் நின்று பார்க்கலாம் என்றார் சார்லஸ் சார். நான் போகவில்லை. எழுபது பேருக்குச் சமைக்க வேண்டும். போகிற முகம் எனக்கு இல்லை என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். தேங்காய் துருவிக்கொண்டு ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தேன்.

மற்ற பிள்ளைகள் பாடினார்கள். கை தட்டல், விசில். பிறகு கனி.

முதல் தரம். கபடி கபடி கபடி. பொத். பாட்டு நின்றது. விசில்.

யாரோ "ஐயோ" என்றார்கள். அது நான்தான்.

இரண்டாம் தரம். நீளமாகப் பாடினாள். கால் பரபரவென்று மேட் மேல் தேய்கிற சத்தம். "டச்!" என்று ஒரு கத்தல். நாயகி இல்லை, வேறு யாரையோ தொட்டுவிட்டு வந்திருக்கிறாள். "மூலைக்குப் போம்மா, மூலைக்கு! மேனேஜர் அதைத்தான் பாக்கணும்" என்று சார்லஸ் சார் கத்தினார். அவருக்கு ஈவு இரக்கமே கிடையாது.

கடைசித் தரம். அவள் பாட்டு மூலைப் பக்கமாக நகர்வது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. நாயகி நிற்கிற பக்கம். அம்மனைக் கூப்பிட வாயைத் திறந்தேன். என்னவென்று கேட்பது? விட்டுவிடச் சொல்லியா? ஒரு தரம் கேட்டு வாங்கியாயிற்றே. வாயை மூடிக்கொண்டேன்.

பொத்.

இதுவரை கேட்டதிலேயே பெரிய பொத். ஒருத்தி மேல் ஒருத்தியாக இன்னும் இரண்டு மூன்று பேர் விழுந்தார்கள், பொத் பொத்தென்று. துருவலில் கை நின்றுவிட்டது. கொட்டகையே அமைதியாயிற்று.

அந்த அமைதிக்கு அடியில் இருந்து, அத்தனை பேர் உடம்புக்கும் கீழே இருந்து, ரொம்பச் சன்னமாக, கபடி... கபடி... கபடி... அறுந்துவிடும் என்று நினைக்கிற இடத்தில் அறுபடாமல். ஏதோ இழுபடுகிற சத்தம். கபடி. இன்னும் கொஞ்சம். கபடி. நான் மூச்சை விடாமல் இருந்தேன்.

பிறகு மேட் மேல் ஒரு உள்ளங்கை அறைந்த சத்தம்.

பட்.

நடுக்கோட்டில் விழுந்த கை அது. பார்க்காமலே தெரியும். அப்புறம்தான் விசில், அப்புறம்தான் கூச்சல். கூச்சலுக்கு நடுவே நாயகியின் குரல்தான் பெரிசாகக் கேட்டது. "ஏந்திரிங்கடி, எல்லாரும் அவுட்டு!" அவுட்டானவள் இப்படியா சந்தோஷப்படுவாள்.

மத்தியானம் கனி சமையற்கட்டுக்கு வந்தாள். உதடு கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. கீழே உட்கார்ந்து வலது காலை என் மடியில் தூக்கி வைத்தாள். கணுக்கால் இலந்தைப்பழம் மாதிரி சிவந்து கிடந்தது. பின்னாலேயே நாயகி நொண்டிக்கொண்டு வந்து, கேட்காமல், முழங்காலை நீட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டப்பாவில் புற்று மண் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. இரண்டாகப் பிரித்துக் குழைத்தேன்.

"யத்தே, கொஞ்சம் மெதுவா" என்றாள் கனி.

ஆவணி 23, திங்கள்

கனிக்கு மில் டீமில் இடம் கிடைத்துவிட்டது, தீப்பெட்டி ஆபீஸ் வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லியாயிற்று. காலை பிராக்டிஸ். பக்கத்தில் பொத்தென்று சத்தம் கேட்டது. நான் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஊற்றி முடித்து மூடி போட்டேன். பாட்டு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.